பின்மண்டை கேட்டது

சாம்பல் புதனுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, நாட்றம்பள்ளியில், பிரேம்நாத்தின் நெற்றிக்கு மேலே தோலுக்குள் சுருண்டு கிடந்த ஒரு முடியை அவன் அம்மா சவுரியம்மாள் கொதிநீரில் போட்டெடுத்த ஊசியால் நிமிர்த்திவிட்டபோது, அந்த முடி ஜஹீருன்னிசாவின் குரலில், “இந்தாளு தலையில முட்டைய ஒடச்சு ஊத்துனா ஆம்லெட்டே போடலாம்டி, எண்ணெய்கூட வாணாம்” என்று சொல்லிவிட்டு அடங்கியது. அன்று தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். வீட்டில் டிவி ஓடவில்லை, செல்போன் சார்ஜில் கிடந்தது, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஆடு மட்டும் நின்றது. சவுரியம்மாள் முதலில் அந்த ஆட்டைத்தான் சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு மகனின் தலையைப் பார்த்தாள். “யார்றா அது?” என்றாள். பிரேம்நாத்துக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். “கூட வேலை செய்றவங்கம்மா.” “காலங்காத்தால இங்க இன்னா பண்றா?” “அவங்க இங்க இல்லம்மா. எப்பவோ சொன்னது, இப்ப வருது.” சவுரியம்மாள் ஊசியைத் தட்டில் வைத்தாள், மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள், “பூசைக்கு இன்னும் அரை மணி இருக்குது, இன்னொண்ண எடுத்துப் பார்க்கலாம் இரு” என்று அடுத்த பருவைத் தேட ஆரம்பித்தாள்.

பிரேம்நாத்துக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மூன்றாவது தையல் லைனுக்கு சூப்பர்வைசர். தினமும் விடியுமுன் ஐந்தே முக்காலுக்கு நாட்றம்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறி, டிரைவருக்குப் பக்கத்திலிருக்கும் ஒற்றை சீட்டில் உட்காருவான். அவனுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு பெண்கள். அந்த பஸ்ஸில் யாரும் எழுதிவைக்காத ஒரு சட்டம் இருந்தது. சூப்பர்வைசர் திரும்பிப் பார்க்கக் கூடாது. லைனில் எட்டு மணி நேரம் தலை நிமிராமல் தைக்கிறவர்களுக்கு, போகவர ஆகும் அந்த நேரம் மட்டும்தான் யாருடைய கண்ணும் படாத நேரம். அதில் தலை பின்னிக்கொள்வார்கள், டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிடுவார்கள், மாமியார் நடப்பதை நடந்து காட்டுவார்கள். பிரேம்நாத்துக்கு முன்பிருந்த சூப்பர்வைசர் ஒரே ஒரு நாள் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டார். அன்று முழுக்க லைனில் நாற்பத்திரண்டு மெஷினிலும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அந்த மாதக் கடைசியில் அவரை அட்டைப்பெட்டி குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். பிரேம்நாத் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஒரு நாள் பின்டயர் வெடித்து எல்லோரும் அலறியபோதும் ரோட்டைப் பார்த்தபடியே “யாருக்காவது அடி பட்டுச்சாங்க?” என்று கேட்டவன் அவன். அதனால் அவனைப் பற்றிப் பின்னால் பேசியது எதுவும் அவன் காதுக்கு எட்டவில்லை, எல்லாவற்றையும் இன்ஜின் விழுங்கிவிட்டது. ஆனால் அவனுடைய பின்மண்டையில் மிச்சமிருந்த முடி பெண்கள் பக்கமாகவே உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த விஷயம் யாருக்கும் தெரியாது, முடிக்கும் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை.

இன்ஜினைத் தாண்டி அவன் காதுக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு அரை வாக்கியம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பஸ் மின்னூரைத் தாண்டும்போது, கிறிஸ்டினாவின் குரல், “அந்த வழுக்கை மட்டும் இல்லன்னா...” என்றது. அதற்குள் எதிரே வந்த டேங்கர் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிவிட்டான். ஹாரன் ஓய்ந்தபோது பின்னால் சிரிப்பு மட்டும் மிச்சமிருந்தது. கிறிஸ்டினா வாணியம்பாடிக்காரி, முப்பத்திரண்டு வயது, லைனிலேயே நுணுக்கமான தையல் அவளுக்குத்தான் போகும். ஷூவின் மேல்தோலை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத் தைப்பாள். ஒரு தையல் அரை மில்லிமீட்டர் விலகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். ஆனால் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் எதிரே யார் வந்தாலும் கண்டுகொள்ள மாட்டாள், அதனால் கர்வக்காரி என்று பெயர். பிரேம்நாத்துக்கு அந்தக் கர்வம் பிடித்திருந்தது. அந்த அரை வாக்கியத்தை அவன் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் முடித்துப் பார்த்தான். வழுக்கை மட்டும் இல்லன்னா கட்டிக்குவேன். வழுக்கை மட்டும் இல்லன்னா பார்க்கச் சகிக்கும். வழுக்கை மட்டும் இல்லன்னா இவருகிட்ட இன்னாதான் இருக்குது. அவளையே கேட்டுவிடலாம்தான். கேட்டால், பஸ்ஸில் பேசுவது முன்சீட்டுக்குக் கேட்கிறது என்று நாற்பத்திரண்டு பேருக்கும் தெரிந்துபோகும். பதினோரு வருஷம் திரும்பாமல் காப்பாற்றியது ஒரு கேள்வியில் போய்விடும். ஆகவே கேட்கவில்லை. வாக்கியத்தில் தன் கைக்கு எட்டியது எதுவோ அதைச் சரிசெய்யலாம் என்று முடிவெடுத்து, நவம்பரில் பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு வேலூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குப் போனான்.

அங்கே பின்மண்டையிலிருந்து இரண்டாயிரத்து நானூறு முடியைக் கிள்ளியெடுத்து முன்னால் நட்டார்கள். திரும்பி வந்தவன் காதுவரை குல்லா போட்டுக்கொண்டு, சைனஸ் என்றான். ஜஹீருன்னிசா, “ஆமா, சைனஸ் ஒசரத்துல ஏறிடுச்சு போல” என்றாள், இதை அவன் முகத்துக்கு நேரேயே. ஒரு மாதத்தில் நட்ட முடியெல்லாம் உதிர்ந்தது. சவுரியம்மாள் அதைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்துவைத்தாள். பொங்கலுக்குப் பிறகு புதுசாக முளைத்து, குல்லாவையும் கழற்றியாகிவிட்டது. அப்போதுதான் அங்கங்கே சிவப்பாகப் பரு மாதிரி எழும்பியது. நாற்பத்தொன்று. டாக்டர் போட்டோவைப் பார்த்துவிட்டு, சில முடி நேரே வெளியே வராமல் உள்ளேயே மடங்கி வளருகிறது, இது சகஜம், தினம் மூணு வேளை வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு பத்து நிமிஷம் ஒத்தடம் கொடுங்க, சொறியாதீங்க, கிள்ளாதீங்க, நுனி கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் சுத்தமான ஊசியால தூக்கிவிடுங்க, பிடுங்கக் கூடாது, வேற எதையும் தடவவும் கூடாது, பொறுமையா இருந்தா எல்லாம் தானா வந்துடும் என்றார். முதல் முடி பேசிய அன்று பிரேம்நாத் மறுபடி போன் போட்டான். “டாக்டர், முடி பேசுது.” “வலி இருக்கா?” “இல்லைங்க.” “சீழ்?” “இல்லைங்க.” “அப்ப பேசட்டும்” என்று டாக்டர் வைத்துவிட்டார். நேராக முளைத்த இரண்டாயிரத்துச் சொச்சம் முடியும் நல்ல முடியாக வாயை மூடிக்கொண்டிருந்தன. கேட்டதை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டவை மட்டும்தான் உள்ளே திரும்பிக்கொண்டவை. ஊசி பட்டதும் அவற்றுக்கும் கூச்சம் விட்டுப்போனது.

நாளுக்கு ஒன்று இரண்டாக வந்தன. ஒன்று, “கல்யாணம் ஆவலன்னு யார் சொன்னா, அவருதான் ரிஜெக்ட் ரிப்போர்ட்டையே கட்டிக்கிட்டாரே” என்றது. ஒன்று, “நல்லவருதான். நல்லவர வெச்சிக்கினு இன்னா பண்றது, பூ சுத்தி மூலையில நிறுத்தறதா?” என்றது. ஒன்று பேசவே இல்லை, நீளமாகக் கொட்டாவி மட்டும் விட்டது. ஒன்று தாழ்ந்த குரலில், “பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொன்னதும், லெட்டர்கூட வாணாம் கிளம்பும்மான்னு அனுப்பிட்டாரு, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, அப்புறம் எல்லாரும் போய் நிப்பீங்க” என்றது. பிரேம்நாத் அன்று இரண்டு தடவை சாப்பிட்டான். அதற்கு மறுநாள் ஒரு முடி, “அவங்கம்மா கட்டிக்குடுத்த தயிர்சாதத்துல கறிவேப்பிலைய எண்ணுனேன், ஒண்ணே ஒண்ணு” என்றது. சவுரியம்மாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். “எவடா அவ?” “தெரியலம்மா.” “வேலூர் பக்கத்துக் குரலா இருக்குது. சொல்லு, யாரு?” அவன் கடைசிவரை பெயரைச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவன் டப்பாவைத் திறந்தால் சாதத்தைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது, மேலே அவ்வளவு கறிவேப்பிலை.

எந்தப் பருவுக்கு நுனி தெரிகிறது என்று தினமும் தேடுவது சவுரியம்மாளின் கண்ணுக்குப் பேஜாராக இருந்தது. அதற்கு பிரேம்நாத் கம்பெனி வழக்கத்திலிருந்தே ஒரு வழி கண்டுபிடித்தான். வெட்டுகிற டிபார்ட்மென்டில் தோலை மேஜைமேல் விரித்து, முள் கீறலோ உண்ணிக்கடியோ இருக்கும் இடத்தைச் சில்வர் பேனாவால் வட்டம் போட்டுவிடுவார்கள். கத்தி அந்த வட்டத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும். அந்தப் பேனாவில் ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தான். அவள் பருவைச் சுற்றி வட்டம் போட்டு, முடி பேசி முடித்ததும் வட்டத்தை ஈரத்துணியால் அழிப்பாள். இப்படித் தலையில் இருபது இருபத்தைந்து வெள்ளி வட்டத்தோடு அவன் வேலைக்குப் போனான். “சார் செகண்ட்ஸ்ல போறாரு” என்று, குறையுள்ள சரக்கைச் சொல்வதுபோல, வெட்டுகிறவர்கள் சிரித்தார்கள். ஒரே ஒரு பருவுக்கு மட்டும் சவுரியம்மாள் வட்டம் போடவில்லை. உச்சியில் இருந்த அதை ஊசியால் தொட்டதும் அவளுடைய குரலிலேயே, “மாதாவே, இந்தப் பையன எவளும்...” என்று ஆரம்பித்தது. அவள் சட்டென்று துணியை வைத்து அமுக்கிவிட்டாள். “இன்னாம்மா அது?” “ஒண்ணுமில்ல, துணி சூடு ஜாஸ்தி” என்றாள்.

முதல் திங்கட்கிழமையே, பஸ் வாணியம்பாடியைத் தாண்டியதும், பிரேம்நாத் ரோட்டைப் பார்த்தபடி, “ஜஹீருன்னிசா, நீங்க சொன்ன ஆம்லெட்டு நேத்து எங்க வீட்ல கேட்டுச்சு” என்று சொல்லிவிட்டிருந்தான். மறைத்துவைப்பது அவனுக்குச் சரியாகப் படவில்லை. அவன் விவரத்தைச் சொல்லி முடித்தபோது பஸ்ஸுக்குள் ஏற்பட்ட அமைதியில் டிரைவருக்குத் தன் கிளட்ச் தேய்ந்திருப்பது முதல் முறையாகத் தெரிந்தது. அதன்பிறகு பஸ்ஸில் யாரும் பேசவில்லை. பேசாததையெல்லாம் தையலில் காட்டினார்கள். அந்த மார்ச் மாதம் மூன்றாவது லைனில் ரிஜெக்ட் பாதியாகக் குறைந்து, கம்பெனி அவனுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருத்தியாக நாட்றம்பள்ளிக்கு வர ஆரம்பித்தார்கள். முறுக்கோடு, பலாச்சுளையோடு, ஒருத்தி இரண்டு கோழியோடு. எல்லாருக்கும் ஒரே வேண்டுதல். தன்னுடையது எந்த வட்டம் என்று சொன்னால் போதும், அதை மட்டும் உள்ளேயே விட்டுவிட வேண்டும்.

ஜஹீருன்னிசா ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தாள். புர்காவை மடக்கிவிட்டு உட்கார்ந்து, சவுரியம்மாளிடம் முட்டிவலியைப் பற்றிப் பத்து நிமிஷம் விசாரித்துவிட்டு, மெதுவாக, “மொத்தம் எத்தினி சார்?” என்றாள்.

“நாப்பத்தொண்ணு. பதினாறு வந்துடுச்சு.”

“அதுல என்னுது?”

“பதினொண்ணு.”

“யா அல்லா. மிச்சத்துல ஒண்ணும் இருக்காது சார். நான் பொதுவா கம்மியாத்தான் பேசுவேன்.”

அவள் சொல்லி வாயை மூடவில்லை, ஒத்தடத் துணிக்கு அடியில் ஒரு முடி தானாக நிமிர்ந்து, அவளுடைய குரலிலேயே, “நான் பத்து நிமிசம் பேசாம இருந்தா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்ருங்கடி” என்றது. சவுரியம்மாள் பேடா வாயிலிருந்து தெறிக்கச் சிரித்தாள். ஜஹீருன்னிசாவும் சிரித்தாள். சிரித்து முடித்த தைரியத்தில் பிரேம்நாத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “ரெண்டு வருஷம் முன்னாடி, மின்னூர் தாண்டுறப்ப, கிறிஸ்டினா எதையோ சொன்னாங்க. வழுக்கை மட்டும் இல்லன்னான்னு ஆரம்பிச்சாங்க.”

“பஸ்ல பேசுறத பஸ்லயே விட்டுட்டுதான் சார் இறங்குவோம். ரெண்டு வருஷத்துக்கு முந்தினத நான் எங்க போய்த் தேடுவேன்?” என்றவள், அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “அட பாவமே. அதுக்குத்தானா இந்த நாத்து நடவு? சார், அவளுக்கு இடம் வந்திருக்குது. காவேரிப்பாக்கம். ஸ்கூல் வாத்தியாரு. உங்க ஆளுங்க தவக்காலத்துல பேச்சு வெக்க மாட்டாங்களாமே, அதனால ஈஸ்டர் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை பூ வெக்க வர்றாங்க.”

அன்றிலிருந்து பிரேம்நாத்துக்கு நாள் எண்ணுவதே வேலையாயிற்று. மிச்சமிருக்கும் முடிகளில் ஏதோ ஒன்றில் அந்த வாக்கியத்தின் பின்பாதி இருக்கிறது. அது நல்லதாக இருந்தால் அவன் போய்ப் பேசலாம், கெட்டதாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வாத்தியார் கல்யாணத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுக்கலாம். கிறிஸ்டினாவோ அவனைத் தவிர்ப்பதாக அவனுக்குப் பட்டது. அவன் குல்லா போட்ட நவம்பரிலிருந்தே அவள் மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் பஸ்ஸில் ஏறுவதில்லை. வாணியம்பாடி மேம்பாலத்துக்குக் கீழே ஏழு கம்பெனியின் பஸ்ஸும், எல்லாம் வெள்ளை, வரிசையாக நிற்கும். அதில் எதிலாவது ஏறிப் போய்விட்டு, பத்து மணிக்கு டவுன் பஸ்ஸில் வேர்த்து விறுவிறுத்து வந்து சேருவாள். ஏன் லேட்டு என்று கேட்டால், “பஸ் மாறி பேர்ணாம்பட்டு போய்ட்டேன் சார்” என்பாள். பதினோரு வருஷமாக ஏறுகிற பஸ் ஒருத்திக்கு எப்படி மாறும்? புது முடியோடு தன்னைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

முடிகள் யாருடைய அவசரத்துக்கும் கட்டுப்படவில்லை. குருத்தோலை ஞாயிறு வந்தபோது முப்பத்துமூன்று பேசி முடித்திருந்தன. எதிலும் அந்த வாக்கியம் இல்லை. மீதி எட்டில், அம்மா அமுக்கிவைத்தது ஒன்று, இடது நெற்றியோரம் ஆழமாகக் கிடந்தது ஒன்று, மற்ற ஆறும் முன்மண்டையில் நடுவாந்திரமாக ஒரே இடத்தில் கும்பலாக இருந்தன. பெரிய புதன்கிழமை அன்று அவன் பொறுமை போய்விட்டது. வேலை முடிந்ததும் நேரே ஆற்றோரத்துத் தோல் ஷெட்டுக்குப் போய் வேலாயுதத்தைப் பார்த்தான். வேலாயுதம் நாற்பது வருஷமாகச் சுண்ணாம்புத் தொட்டியில் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஊறப்போட்டு முடி எடுக்கிறவர். ஷூ தைக்கிற பிரேம்நாத்துக்குத் தோல் என்றால் பளபளவென்று பாலீஷ் போட்டு வருவது மட்டும்தான் தெரியும். அதில் முடி இருந்ததையே அவன் பார்த்ததில்லை. வேலாயுதம் அவன் தலையை வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் நீவிப் பார்த்தார். “தோலு நல்ல தோலுதான். லேசா சுண்ணாம்பு காட்டுனா இளகிக் குடுக்கும். முடி தானா தலை தூக்கிடும்.”

“ஒண்ணும் ஆவாதே அண்ணே?”

“எத்தினி லட்சம் தோல பார்த்திருக்கேன். ஒண்ணாவது வந்து என்கிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருக்குமா?”

ஐந்து நிமிஷம்தான் வைத்தார், அதுவும் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு. எரிந்ததில் பிரேம்நாத் ஷெட்டை மூன்று சுற்று சுற்றி ஓடினான். பக்கெட் தண்ணீரைத் தலையில் ஊற்றியதும் முடிகள் தலையைத் தூக்கத்தான் செய்தன. தூக்கியவை அப்படியே வேரோடு கழன்று பக்கெட்டில் விழுந்தன. ஆறும் போயிற்று, அந்த வட்டத்திலிருந்த நல்ல முடியெல்லாமும் போயிற்று. அவன் பக்கெட்டுக்குள் தலையை விட்டுக் கேட்டான். தண்ணீருக்கடியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு குரல்கள் கரைந்துகொண்டிருந்தன. “இல்லடி”, “அய்ய”, “அந்த” என்று மூன்று சொல் பிடிபட்டது. பிறகு வெறும் குமிழி. வேலாயுதம் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, “முடி எடுக்கறதுல நம்மள அடிச்சிக்க ஆளில்ல” என்றார். அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரிந்த ஒரே வேலை அதுதான், அதில் அவர் பொய் சொல்லவில்லை.

வீட்டில் சவுரியம்மாள் கத்தினாள். “பொறுமையா இருன்னு படிச்ச மனுசன் சொன்னாரு, நீ போயி மாட்டுத்தோலுக்குப் பண்றத தலைக்குப் பண்ணிக்கினு வந்து நிக்கிற!” என்று அழுதுகொண்டே மருந்து வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள். டாக்டர் போனில் இந்தத் தடவை நிறைய நேரம் பேசினார், அதில் பாதியை எழுத முடியாது. பெரிய வெள்ளி போயிற்று, ஈஸ்டர் வந்தது, பூசையில் பிரேம்நாத் பிளாஸ்திரியோடு நின்றான். ஆறில் ஒன்றுதான் அது என்று அவன் மனசு சொல்லிவிட்டது. “அந்த” என்று ஒன்று சொன்னதே. நெற்றியோரத்து முடி ஒன்று பாக்கி இருந்தது. அதை அவன் தொடவும் இல்லை, ஒத்தடம் கொடுக்கவும் இல்லை. அதற்குச் சுற்றிப்போட்ட வட்டம் மட்டும் குளிக்கக் குளிக்க மங்கிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை, பூ வைக்க வருவதற்கு முதல் நாள். புண் ஆறிவிட்டதென்று சவுரியம்மாள் காலையில் பிளாஸ்திரியைப் பிரித்தாள். கறுகறுவென்ற முடிக்கு நடுவே, ஐந்து ரூபாய் அகலத்துக்கு, பழைய மண்டை பளிச்சென்று எட்டிப் பார்த்தது. அவன் எதையும் மூடாமல் போய் பஸ்ஸில் உட்கார்ந்தான். வாணியம்பாடியில் இருட்டு பிரிந்தும் பிரியாத நேரம், பஸ்ஸுக்குள் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. மேம்பாலத்துக்குக் கீழே கிறிஸ்டினா டப்பாப் பையோடு நிற்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். ஏழு பஸ்ஸையும் கண்ணைச் சுருக்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், இந்த பஸ்ஸுக்கு வந்ததும் நின்றாள். அவள் முகம் விரிந்தது. அந்தச் சிரிப்பை அவன் ஐந்து மாதமாகப் பார்த்திருக்கவில்லை. யாரையும் விசாரிக்காமல் நேரே நடந்து வந்து ஏறி, அவனைத் தாண்டிப் போய் ஜஹீருன்னிசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பஸ் மின்னூரைத் தாண்டும்போது சூரியன் மேலே வந்து, இளவெயில் பக்கவாட்டில் அவன் நெற்றியில் விழுந்தது. வெதுவெதுப்பாக. இடது ஓரத்தில் சின்னதாக ஒரு அரிப்பு எடுத்தது. டாக்டர் சொன்னபடி அவன் சொறியவில்லை. ஊசி இல்லாமல், துணி இல்லாமல், அந்தக் கடைசி முடி தானாகத் தோலை விலக்கிக்கொண்டு நிமிர்ந்து, ஒன்றரை மாதமாக ஊமையாகக் கிடந்த பஸ்ஸில், கடைசி சீட்டுவரை கேட்கும்படி பேசியது. கிறிஸ்டினாவின் குரல்.

“அந்த வழுக்கை மட்டும் இல்லன்னா நான் டெய்லி பேர்ணாம்பட்டு பஸ்ல ஏறிப் போய்ட்டிருப்பேன்க்கா. எனக்கு போர்டும் தெரியறதில்ல, நம்பரும் தெரியறதில்ல. ஊசிமுனை தெரியுது, ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிறது ஒண்ணும் தெரியறதில்ல. கண்ணாடி போட்டா வேலைய விட்டு எடுத்துடுவாங்களோன்னு பயம். லைட்டுக்குக் கீழ அது ஒண்ணு மினுமினுன்னு தெரியுது பாரு, அதப் பார்த்துத்தான் ஏர்றேன். அத பார்த்துட்டா எனக்கு மனசு அமைதியாயிடும்.”

அதே முடி, மூச்சு விட்டுக்கொண்டு, ஜஹீருன்னிசாவின் குரலுக்கு மாறியது. “அப்ப அந்த லைட்ட கழட்டி வீட்டுக்கே எடுத்துக்கினு போய்டேன்டி.”

மறுபடி கிறிஸ்டினா. “கேட்டாத்தானேக்கா. அந்தாளு திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறாரு.”

முடி அடங்கியது. டிரைவர் கியரை மாற்ற மறந்து பஸ் முக்கியது. பிரேம்நாத் இரண்டு கையாலும் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, திரும்பினான்.

நாற்பத்தொரு முகமும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒருத்திக்கு ஒரு பக்கச் சடை பின்னியிருந்தது, ஒரு பக்கம் விரிந்து கிடந்தது. ஒருத்தி கையில் பாதி இட்லி. கிறிஸ்டினா மட்டும் டப்பாப் பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள்.

“நாளைக்கு காவேரிப்பாக்கத்துக்காரங்க எத்தனை மணிக்கு வர்றாங்க?” என்றான்.

பைக்குப் பின்னாலிருந்து, “பதினோரு மணிக்கு” என்று பதில் வந்தது.

“நானும் அம்மாவும் ஒன்பதுக்கு வரலாமா?”

பை கொஞ்சம் இறங்கியது. “எட்டரைக்கே வாங்க. எங்கப்பா ஒன்பதரைக்கு மார்க்கெட் போய்டுவாரு.” பிறகு, அந்த ஐந்து ரூபாய் அகலத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “அதுல மட்டும் இனிமே எதையும் நடாதீங்க” என்றாள்.

“சரி சார், கேட்டாச்சு இல்ல, முன்னாடி திரும்பிக்குங்க” என்றாள் ஜஹீருன்னிசா. “இட்லி ஆறுது.”

அவன் திரும்பிக்கொண்டான். அதற்கு அடுத்த நொடி பஸ்ஸுக்குள் ஒன்றரை மாதமாக அடைபட்டுக் கிடந்த பேச்சு மொத்தமும் உடைத்துக்கொண்டு வந்தது, ஆம்பூர் வரும்வரை யார் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. அன்று மூன்றாவது லைனில் நூல் ஒன்றுகூட அறுந்துபோகவில்லை.

மே மாதம் கல்யாணம் நடந்தது. வாத்தியாருக்கு அதே வருஷம் சோளிங்கரில் வேறு பெண் அமைந்தது. பிரேம்நாத்தின் ஏற்பாட்டில் லைன் முழுக்கக் கண் பரிசோதனை நடந்து, கிறிஸ்டினாவோடு சேர்த்து ஒன்பது பேருக்குக் கண்ணாடி வந்தது, யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்த இடத்தில் மறுபடி முடி நட்டுத் தருவதாக டாக்டர் சொல்லியனுப்பினார். கிறிஸ்டினா சில்வர் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அந்த வட்டம் போட்ட இடத்தில் கை வைக்கக் கூடாது என்பது தோல் வேலை தெரிந்த யாருக்கும் சொல்லாமலே தெரியும். முடி வெட்டுகிறவனும் சுற்றிக்கொண்டு போகிறான். உச்சியில் சவுரியம்மாளின் முடி இன்னும் உள்ளேயேதான் கிடக்கிறது. மழைக்காலத்தில் அது “மாதாவே” என்று மட்டும் முனகும், மாமியாரும் மருமகளும் அப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். பின்மண்டையில் மிச்சமிருப்பவை இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அது தெரிந்தே, லீவு வேண்டுமென்றாலும் மெஷின் மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றாலும் பெண்கள் அவற்றைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். வாணியம்பாடியில் புதுசாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் பஸ் நம்பரை யாரும் சொல்வதில்லை, லைட்டுக்குக் கீழே வட்டமாக மின்னுவதைப் பார்த்து ஏறு என்கிறார்கள். டிரைவர் முன்கண்ணாடியில் போர்டு வைப்பதை விட்டுவிட்டார்.